ஆறாவது பாட்டில் கண் திறந்தவர்கள்

சிரித்துவிடக் கூடாது. அன்று காலை எழுந்ததிலிருந்து இதை மட்டும்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பல் தேய்க்கும்போது சொன்னேன், பஸ்ஸுக்கு நிற்கும்போது சொன்னேன், வானொலி நிலையத்தின் லிஃப்டில் ஏறும்போதும் சொன்னேன். எல்சபே, நீ சிரித்தாயானால் உன் தம்பி ஜெயிலுக்குப் போவான்.

விஷயம் இதுதான். புதன்கிழமைதோறும் எங்கள் நிலையத்தில் தணிக்கைக் குழு கூடும். புதிதாக வந்த இசைத்தட்டுகளை நான் போடுவேன். அவர்கள் காபியில் ரஸ்க்கைத் தோய்த்துத் தின்றபடி கேட்பார்கள். வேண்டாம் என்று அவர்கள் சொன்ன பாட்டின் மேல் நான் ஆணியால் கீறிவிட வேண்டும், எந்த அறிவிப்பாளரும் மறந்துபோய்க்கூட அதைப் போட்டுவிடாதபடிக்கு. அதற்கென்றே ஒரு தச்சு ஆணிக்குப் பிடிக்கத் தோதாகத் துணி சுற்றி மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். கறுப்பர்களை அடக்க எங்கள் வெள்ளை அரசாங்கம் நாடு முழுக்க அவசரநிலை நடத்திக்கொண்டிருந்த வருஷம் அது. என் ஆணிக்கு ஓய்வே இல்லை.

அந்தப் புதன்கிழமை வந்த தட்டுகளில் ஒன்றில் பாடியிருந்தவன் என் தம்பி ஹென்னோ.

உறையில் அவன் பெயர் கிடையாது. 'கர்னல் காலிஃபிளவர்' என்று போட்டிருந்தது. கட்டாய ராணுவ சேவைக்கு அழைப்பு வந்ததும் போகாமல் ஓடி ஒளிந்தவன், சொந்தப் பெயரையா போட்டுக்கொள்வான்? எங்கள் ஊர்ப் பிரிக்ஸ்டன் பேட்டையில் ஒரு வீட்டின் பின்னால் இருந்த கார் ஷெட்டில்தான் குடியிருந்தான். கூட அவனைப் போலவே ஓடிவந்த ஒரு பையன், டிரம்ஸ் அடிப்பவன். டிரம்ஸ் இல்லாத நேரத்தில் கரண்டியை வைத்துக் கண்டதையும் தட்டிக்கொண்டிருப்பான் என்பதால் எல்லோருக்கும் அவன் 'கரண்டி'. நிஜப் பெயரைக் கேட்டால் ஹென்னோ சொல்ல மாட்டான். "தெரியாம இருக்கிறதுதான்க்கா உனக்கு நல்லது" என்பான். சனிக்கிழமைகளில் நான் சூப் கொண்டுபோவேன். முதல் தடவை பார்த்தபோது கரண்டி ஒற்றைச் சட்டையோடு குளிரில் வெடவெடத்துக்கொண்டிருந்தான். அடுத்த தடவை செத்துப்போன எங்கள் அப்பாவின் நீல ஸ்வெட்டரைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அந்தத் தட்டை வானொலிக்கே அனுப்பியிருக்கிறார்கள் என்று தெரிந்ததும் எனக்கு வந்த கோபத்தில் சூப் பாத்திரத்தை அப்படியே ஹென்னோ தலையில் கவிழ்த்திருப்பேன்.

"ஏண்டா, புத்தி இருக்கா உனக்கு? போயும் போயும் எங்க ஆபீசுக்கா அனுப்புவீங்க?"

"தடை பண்ணாத்தான்க்கா விக்கும். நீ கீறுற கீறல்தான் எங்களுக்கு விளம்பரம்."

"உன் குரலை எவனாவது கண்டுபிடிச்சான்னா?"

"யாரு? அங்க இருக்கிறதெல்லாம் கிழடுங்க. பாட்டு கேக்கவா வராங்க? ரஸ்க் தின்ன வராங்க."

கரண்டி பாத்திரத்தின் விளிம்பில் டிக் டிக்கென்று தட்டியபடி, "அக்கா, சூப்புல உப்பு கம்மி" என்றான். இவனுகளுக்கு உப்பு ஒரு கேடா என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அடுத்த வாரம் உப்பைக் கூட்டித்தான் போட்டேன்.

இவ்வளவு திட்டுகிறேனே, அந்தத் தட்டு எப்படி இருந்தது என்று கேட்டால், ஐயோ, அவ்வளவு நன்றாக இருந்தது. அதுதான் என் பிரச்சினையே. நன்றாக இல்லாவிட்டால் எனக்கு ஏன் சிரிப்பு வரப்போகிறது?

'ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு' என்று பெயர். எங்களைப் போன்ற வெள்ளைக்காரர் வீடு ஒன்றில், கோயில் விட்டு வந்து மேசையில் உட்கார்ந்ததிலிருந்து எழுந்திருப்பதுவரை நடப்பதுதான் மொத்தத் தட்டும். ஆனால் ஒரு பாட்டைப் போல இன்னொரு பாட்டு கிடையாது. முதல் பாட்டு கன்சர்டினா என்ற கைத்துருத்தி வாத்தியம் வைத்த பண்ணைவீட்டு நடனம். கல்யாணத்தில் ஆடுவதற்கென்றே செய்தது போலத் தொடங்கும். ஆடிக்கொண்டே இருக்கிற மாமா, வெளியே வீடு எரிவதைப் பார்த்து, "யாரோ இறைச்சி சுடுறாங்க, வாசனை பிரமாதம்" என்பார். இரண்டாவது கடற்கரைப் பாட்டு, கிட்டார் அலையடிக்கும். அதில் கடலே கரைக்கு வந்து ஒவ்வொருவரிடமும் இனம் குறித்த அடையாளப் புத்தகத்தைக் கேட்கும், இல்லாதவரை நனைக்காது. மூன்றாவது ராணுவ நடை. டிரம்ஸ் முதலில் இடது வலது என்று ஒழுங்காகப் போகும். போகப்போக ஒரு கால் மட்டும் தடுக்கும், அப்புறம் படையே தடுக்கி விழுந்து, விழுந்த சத்தமே ராக் பாட்டாக எழும். அந்த இடத்தைக் கேட்டு நான் ஷெட்டில் கை தட்டினேன். நான்காவது வெறும் விளம்பரம், சுவர் விற்கிற விளம்பரம். "பயமா? இன்னும் ஓரடி கட்டுங்க!"

ஐந்தாவதில் ஒருவன் மூக்கால் அழுது பாடுவான், கௌபாய் படக் குதிரைக்காரர்கள் பாடுகிற மாதிரி. செத்துப்போன நாயின் பெயரை, அதன் அம்மா பெயரை, பாட்டி பெயரை எல்லாம் சொல்லி அழுவான். கடைசியில் இருபது வருஷமாக வீட்டில் வேலை செய்கிறவளைக் கூப்பிடப் போவான், அவள் நிஜப் பெயர் தெரியாது. முதல் தடவை கேட்டபோது விழுந்து விழுந்து சிரித்தேன். அன்று வீட்டுக்குப் போனபோது எங்கள் வீட்டில் வேலை செய்கிற கறுப்புப் பெண் மேரி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு மேரி என்று பெயர் வைத்தது எங்கள் அம்மா. நிஜப் பெயர் எனக்கும் தெரியாது. சிரித்த வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. ஒரு பாட்டு ஆளை இப்படியும் செய்யுமா என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

ஆறாவதுதான் பயங்கரம். அதற்கு வருகிறேன்.

குழு அறைக்குள் நுழைந்ததும் ஆட்களை எண்ணினேன். வழக்கமாக இரண்டே பேர்தான். தலைவர் போதகர் லாட்டகன் மாமா, வாயைத் திறந்தால் பிரசங்கம். அடுத்து ஸ்டீனி அத்தை, ரஸ்க் அவர் வீட்டில் சுட்டது. உறவில்லாவிட்டாலும் மூத்தவர்களை மாமா, அத்தை என்பதுதான் எங்கள் வழக்கம். அன்று ஜன்னலோரம் மூன்றாவதாக ஒருவர் தொப்பியை முழங்காலில் வைத்து உட்கார்ந்திருந்தார். நரைத்த மீசை. வாட்டசாட்டமான ஆள்.

"எல்சபே, இவர் கேப்டன் ரூஸ். பாதுகாப்புப் போலீஸ்" என்றார் போதகர். "அந்தக் காலிஃபிளவர் தட்டுக்காகவே வந்திருக்கார். பாடுறது யாருன்னு தெரியணுமாம்."

"காலை வணக்கம் சார்" என்றேன்.

"உக்காரும்மா. நான் சும்மா கேக்கத்தான் வந்தேன்" என்றார் அவர்.

சும்மா கேட்க வருகிற போலீஸ்காரனை யார் பார்த்திருக்கிறார்கள்? அவர் கையில் பேனா இல்லை, தாள் இல்லை. அது இன்னும் பயமாக இருந்தது. ஊசியைத் தட்டின் மேல் இறக்கினபோது அது வழுக்கிக் கிறீச்சென்று ஒரு சத்தம் வந்தது. "பாத்துப் பாத்து, ஆணி வேலை அப்புறம்தானே" என்று ஸ்டீனி அத்தை சிரித்தார்.

கன்சர்டினா தொடங்கியதும் அத்தையின் செருப்பு தரையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டது. "நம்ம ஊர்ப் பாட்டு மாதிரி இருக்கே! நல்லாத்தானே இருக்கு" என்றார். வீடு எரிகிற வரி வந்ததும் செருப்பு நின்றது. நான் கன்னத்தை உள்ளிருந்து கடித்துக்கொண்டேன். கடல் பாட்டுக்கு இன்னும் பலமாகக் கடித்தேன்.

மூன்றாவது பாட்டுக்கு முன்னால் டிரம்ஸ்காரன் எண்ணுவான். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு." கரண்டியின் குரல், தூக்கம் கலையாத குரல். அது வந்ததும் கேப்டன் கையைத் தூக்கினார்.

"நிறுத்து. அதை மறுபடி போடு."

போட்டேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு.

"இன்னொரு தடவை."

குரலைப் பிடிக்கிறார் இந்த ஆள், ஒவ்வொருவனாகப் பிடிக்கிறார், முதலில் கரண்டி, அடுத்தது ஹென்னோ. மறுபடியும் போட்டேன். கேப்டன் மேலே போ என்று விரலை அசைத்தார். படை தடுக்கி விழுகிற இடத்தில் அவர் கைக்குட்டையால் வாயை மூடி இருமினார். நான் தரையைப் பார்த்துக்கொண்டேன்.

சுவர் விளம்பரத்துக்குப் போதகர் பெருமூச்சு விட்டார். நாய்ப் பாட்டுக்கு ஸ்டீனி அத்தை, "பாவம், அந்த நாய்" என்றார். அவர் கேலிக்குச் சொல்லவில்லை. என் கன்னத்தில் ரத்தம் உப்புக் கரித்தது.

அடுத்தது ஆறாவது. பாட்டு வரிகளை எழுதி அனுப்ப வேண்டும் என்பது விதி. இதற்கு மட்டும், 'மேசை ஜெபம், வழக்கமானது' என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். போதகர் அதைப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல, கொஞ்சம் தெய்வபயமும் இருக்கு" என்றார்.

கோயில் ஆர்கன் மெதுவாக எழுந்தது. ஞாயிற்றுக்கிழமை வாசிக்கிற அதே இழுப்பு. அதன் மேல் ஹென்னோ, எங்கள் அப்பாவின் குரலில், ஆம், அப்படியே அப்பாவின் குரலில், "ஜெபம் பண்ணுவோம்" என்றான்.

மூன்று வயதிலிருந்து எங்கள் வீடுகளில் இந்தக் குரலுக்கு ஒரே ஒரு காரியம்தான் செய்யப் பழகியிருக்கிறோம். கையில் இருப்பதைக் கீழே வைத்து, தலை குனிந்து, கண்ணை மூடுவது. போதகர் கோப்பையை வைத்துத் தலை குனிந்தார். ஸ்டீனி அத்தை பாதி ரஸ்க்கை வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். நான் மட்டும் மூடவில்லை. வரப்போவது எனக்குத் தெரியுமே, எங்கே மூடுவது? இவர்கள் இரண்டு பேரையும் பார்த்தபடி, கடவுளே, வேண்டாம், வேண்டாம் என்று உட்கார்ந்திருந்தேன்.

"கர்த்தாவே" என்றான் ஹென்னோ அப்பாவாக. "நீர் தந்த இறைச்சிக்கும், நீர் தந்த நாய்க்கும், நீர் தந்த பூட்டுக்கும் நன்றி செலுத்துகிறோம். வெளியே பசியோடு நிற்கிறவனின் சத்தம் எங்கள் காதில் விழாதபடிக்கு, ரேடியோவைச் சற்றே உயர்த்தியருளும். ஆமென்."

"ஆமென்" என்றார் போதகர், அடிவயிற்றிலிருந்து.

"ஆமென்" என்றார் ஸ்டீனி அத்தை.

தட்டில் சற்று நேரம் மௌனம். அப்புறம் ஹென்னோ, சொந்தக் குரலில், வாய் நிறைய மென்றுகொண்டே, "அட, நீங்களுமா? ரொம்ப நன்றி. அந்த உருளைக்கிழங்கை இப்படித் தள்ளுங்க" என்றான்.

போதகரின் முகம் சிவந்ததை என்னவென்று சொல்வேன்! எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். "நிறுத்து! நிறுத்துடி அதை!" என்று கத்தினார். ஸ்டீனி அத்தை வாயில் இருந்ததை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் தவித்தார். "நான் சொல்லல, நான் ஆமென் சொல்லவே இல்ல" என்று போதகரைப் பார்த்துச் சொன்னார். "நானும்தான் சொல்லல!" என்றார் போதகர்.

எனக்குள் சிரிப்பு கொதித்து நெஞ்சுக்கு வந்துவிட்டது. அப்போதுதான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். கேப்டன் ரூஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"எல்லாத்தையும் கீறு" என்றார் போதகர். "ரெண்டு பக்கமும். ஒரு வரி மிஞ்சக் கூடாது."

"கீறும்போது நான் இருந்து பாக்குறேன்" என்றார் கேப்டன். "நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய இருங்க."

அவர்கள் போனதும் அவரே கதவைச் சாத்தினார். நான் இழுப்பறையைத் திறந்து ஆணியை எடுத்தேன். துணி ஈரமாகிவிட்டது, அவ்வளவு வியர்வை.

"ஜெபத்தப்போ உன் கண்ணு திறந்திருந்துச்சே" என்றார்.

எங்கள் வீட்டு மேசைகளில் எத்தனையோ பிள்ளைகள் இந்தக் குற்றச்சாட்டுக்கு அடி வாங்கியிருக்கிறார்கள். அதற்குச் சொல்கிற பதிலும் ஒன்றுதான். பயத்தில் என் வாய் தானாக அதைச் சொல்லிவிட்டது.

"அப்போ உங்க கண்ணும் திறந்துதானே இருந்திருக்கு?"

சொன்ன பிறகுதான் உறைத்தது. தொலைந்தேன். பாதுகாப்புப் போலீஸிடம் வாய்க்கு வாய் பேசிவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. போதகரின் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். "ஆமா" என்றார். "அந்த ஜெபத்துக்கு அடியில ஒரு சத்தம் வருதே, டிக் டிக்னு, கேட்டியா?"

"இல்ல சார்."

"கரண்டி. எங்க வீட்டு மேசையில அந்தச் சத்தத்தைப் பத்துப் பதினஞ்சு வருஷம் கேட்டிருக்கேன். ஜெபம் நடக்கறப்பவும் தட்டுவான். நான் கண்ணைத் திறந்து மண்டையில ஒண்ணு போடுவேன். இன்னைக்கும் கண்ணு தானா திறந்துடுச்சு." தொப்பியைச் சுற்றிச் சுற்றித் திருப்பினார். "மாணவர் விடுதி ஒண்ணுல சோதனை போட்டப்போ இந்தப் பாட்டுங்க உள்ள டேப் சிக்குச்சு. கார்ல போட்டுக் கேட்டேன். ஒண்ணு ரெண்டுன்னு எண்ணுறது எம் பையன்மா. போன வருஷம் வீட்டை விட்டுப் போனவன்."

கரண்டியா? இந்த மனிதரின் பிள்ளையா?

"உனக்கு இந்தத் தட்டு முன்னாடியே தெரியும்" என்றார். "தெரிஞ்சவதான் கண்ணை மூடாம இருப்பா. நான் பாடுறவனைக் கேக்கல. எம் பையன் உசுரோட இருக்கானா? சாப்பிடுறானா? அது மட்டும் சொல்லு."

அவர் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் பயம்தான் அதிகமானது. இந்தப் போலீஸ்காரர்கள் அடிப்பதற்கு முன்னால் அழுவார்கள் என்று ஹென்னோ சொல்லியிருக்கிறான். தட்டில் கரண்டிச் சத்தம் யாருக்குத்தான் கேட்காது? அதை வைத்துக் கதை கட்ட எவ்வளவு நேரம் ஆகும்? நான் தலையை ஆட்டினால் போதும், நாளைக் காலையில் ஷெட்டின் கதவை உடைப்பார்கள்.

"எனக்கு இவங்க யாரையும் தெரியாது சார்" என்றேன்.

"சரி" என்றார். தட்டின் விளிம்பை விரலால் தொட்டார். "மூணாவது பாட்டோட தொடக்கத்தை மட்டும் ஒரு தடவை போடு. அப்புறம் கீறிடு."

போட்டேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. அவர் உதடும் கூடவே எண்ணியது. ஊசியை எடுத்துவிட்டு ஆணியை வைத்தேன். முதல் பாட்டைக் கீறினேன், இரண்டாவதைக் கீறினேன். மூன்றாவதற்கு வந்தபோது, எண்ணுகிற இடத்தை விட்டுவிட்டு அதற்கு அப்பாலிருந்து கீறினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று என்னைக் கேட்காதீர்கள். அவர் குனிந்து ஆணி இறங்கிய இடத்தைப் பார்த்தார். எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டு கதவுவரை போனார்.

"ஒத்தைச் சட்டையோட போனான்" என்றார், கதவைப் பார்த்துக்கொண்டே. "ஜூலை மாசக் குளிர்ல. நான்தான் கதவைத் திறந்து, போடா வெளியன்னேன்."

சுவர் விளம்பரத்தில் இறங்கியிருந்த என் ஆணி வழுக்கியது. வாயை மூடு எல்சபே, மூடு, மூடு என்று உள்ளே கத்தினேன்.

"நீல ஸ்வெட்டர் இருக்கு" என்றேன்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. என் தம்பியை விற்றுவிட்டேன் என்றே நினைத்தேன். பிறகு கதவு திறந்தது. வெளியே போதகர் காத்துக்கொண்டிருந்தார்.

"ஏதாவது தெரிஞ்சுதா கேப்டன்?"

நான் ஆணியை அடுத்த பாட்டின் மேல் வைத்தேன்.

"ஒண்ணுமில்ல. அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. பாடுறவன் பேச்சு டர்பன் பக்கத்துப் பேச்சு. அங்க தேடச் சொல்றேன்." கொஞ்சம் நின்று, "போதகரே, நீங்க ஆமென் சொன்னதை நான் எழுதப் போறதில்ல" என்றார்.

லிஃப்ட் கீழே போகும் சத்தம் கேட்கிறவரை நான் அசையவில்லை. நம்பினேனா? இல்லை. மத்தியானமே தலைவலி என்று சொல்லிக் கிளம்பி, நேராக பிரிக்ஸ்டனுக்கு ஓடினேன். பஸ்ஸில் எனக்குப் பின்னால் உட்கார்ந்த ஒவ்வொருவனும் போலீஸாகத் தெரிந்தான்.

"கிளம்புங்கடா, இப்பவே கிளம்புங்க!" என்று கையில் கிடைத்ததையெல்லாம் பைக்குள் திணித்தேன். ஹென்னோ முகம் வெளிறி கிட்டாரைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தான். கரண்டி அப்போதும் பெட்டியின் மேல் டிக் டிக்கென்று தட்டிக்கொண்டு, "யாருக்கா வந்தது?" என்றான்.

"கேப்டன் ரூஸ்."

தட்டல் நின்றது. அப்பாவின் நீல ஸ்வெட்டருக்குள் அவன் சின்னப் பையனாகத் தெரிந்தான்.

"முழுசாக் கேட்டாரா?"

"முழுசாக் கேட்டார்டா. நீ எண்ணுறதை மட்டும் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். வா, பையை எடு."

அவன் பையை எடுக்கவில்லை.

"அக்கா" என்றான். "அவருக்குப் பிடிச்சுதா?"

கதவுக்கு வெளியே ஏதோ கார் வந்து நிற்பதுபோல் இருந்தது. நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அது கடந்து போனது.

"ஒரு இடத்துல கைக்குட்டையால வாயை மூடிக்கிட்டார்" என்றேன். "இருமுறார்னு நினைச்சேன். இருமல் இல்லடா அது."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கரண்டியை ஸ்வெட்டர் பைக்குள் செருகினான்.

"எந்த இடத்துலக்கா?" என்றான்.